தோபி கானாவுக்கு என்ன நிறம்? கொச்சி மாநாட்டுக் குறிப்புகள்

புதன்

நகரமைப்பு, நிலப் பயன்பாடு, ஊராட்சித் திட்டமிடல் என்று தென் மாநிலங்களில் வேலை பார்ப்பவர்கள் கூடும் மண்டல மாநாடு இந்த முறை கொச்சியில். கோவையிலிருந்து சுமார் 190 கிலோமீட்டர்தான், ரயில் டிக்கெட்டோடு செலவு முடிந்துவிடும் என்பதால் அலுவலகத்தில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். அதே பெட்டியில் மதுரைக்காரர் ஒருவர், எங்கள் துறையில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஓய்வு பெற்றும் கோப்பு படிக்கிற பழக்கம் போகவில்லை. பெயர் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் இங்கே அவர் வெறும் 'சார்'.

வாளையாறு தாண்டியதும் ஜன்னலோரத்திலேயே எங்கள் வேலை ஆரம்பித்துவிட்டது. பாலக்காட்டு வயல்கள். நடுவில் திடீரென்று செம்மண் கொட்டி மூன்றடி உயர்த்திய ஒரு துண்டு, அதில் ஒரு புது வீடு, சுற்றி நாலு தென்னங்கன்று. மறுபடி வயல். "இது டேட்டா பேங்க்ல இருக்குமா, இருக்காதா, சொல்லுங்க பாப்போம்" என்றார் சார். வடக்காஞ்சேரி வரை இதே விளையாட்டு.

டேட்டா பேங்க் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். கேரளத்தின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008ல் வந்தது. அதன்படி ஊருக்கு ஊர் ஒரு கண்காணிப்புக் குழு உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமை, வேளாண் அலுவலர் அமைப்பாளர், கூடவே கிராம அலுவலர், அப்புறம் அந்த ஊர் நெல் விவசாயிகள் மூன்று பேர். எது வயல், எது வயலில்லை என்று இந்தக் குழு தயாரிக்கும் பட்டியல்தான் டேட்டா பேங்க். அதில் ஏறிவிட்ட நிலத்தில் வேறு இடம் இல்லாதவர் தான் குடியிருக்க வீடு கட்டிக்கொள்ளலாம். ஊராட்சி என்றால் 10 சென்ட், நகராட்சி, மாநகராட்சி என்றால் 5 சென்ட், அவ்வளவுதான் வரம்பு. தன் நிலம் தப்பாகப் பட்டியலில் ஏறிவிட்டது என்பவர் ஐந்தாம் படிவத்தில் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) மனுப் போட வேண்டும். நம்மூரில் 'பட்டா மாறுதல்' என்றால் டீக்கடையில்கூடப் பேச ஆள் இருப்பதுபோல அங்கே 'ஃபாரம் அஞ்சு'. 2018 திருத்தத்தில், பட்டியலில் ஏறாத வயலைக் கட்டணம் கட்டி மாற்றிக்கொள்ள வழி விட்டார்கள். அந்த வழியைப் பற்றிக் கேரள நண்பர்களிடம் வாயைத் திறந்தால் போதும், சண்டைதான்.

ஓட்டைகள் இருக்கட்டும். என் கண் போனது அந்த மூன்று விவசாயிகள் மேல். நம் பக்கமும் விவசாய நிலத்தை மாற்ற 2017ல் வந்த விதிகள் உண்டு. முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை மனையாக்க வேண்டுமென்றால் நகரமைப்புத் துறையின் அனுமதி. நஞ்சை என்றால் ஆட்சியரின் இசைவு. ஆட்சியர் வேளாண் இணை இயக்குநரைக் கேட்பார். எல்லாம் மேசைக்கு மேசை போகும் கோப்பு. பக்கத்து வரப்புக்காரரைக் கேட்கும் கட்டம் அதில் எங்கும் இல்லை. மனை பிரித்தால் எந்த வாய்க்கால் அடைபடும் என்பது அவருக்குத்தானே முதலில் தெரியும்?

எர்ணாகுளம் நார்த்தில் இறங்கியபோது நல்ல மழை. அறைக்கு வந்து கப்பாவும் மீன் கறியும். சார் சைவம், பாவம், புரோட்டாவும் கடலைக் கறியும்.

வியாழன்

காலை அமர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுத்தில் அட்டை, கையில் சணல் பை, மேடையில் குத்துவிளக்கு. ட்ரோன் சர்வே செய்து தருகிறோம், செயற்கை நுண்ணறிவை வைத்து மனை பிரித்துத் தருகிறோம் என்று கடை விரித்தவர்கள் வெளியே. உள்ளே பேசியவர்களில் பாதிப் பேரும் அதையேதான் பேசினார்கள். தேநீர் இடைவேளையில் கிடைத்த பழம்பொரி நன்றாக இருந்தது.

மதியத்துக்கு மேல்தான் எழுந்து உட்கார்ந்தேன். கேரளத்தின் மக்கள் திட்டம் பற்றிய அமர்வு. 1996 ஆகஸ்ட் 17, அவர்கள் கணக்கில் சிங்ஙம் ஒன்று, அன்றைக்குத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்துவிட்டு, 'என்ன வேண்டும் என்று நீங்களே தீர்மானியுங்கள்' என்று சொன்ன திட்டம். கிராமசபையில் தேவைகளைச் சொல்வது, அதை வைத்து ஊரின் வளர்ச்சி அறிக்கை எழுதுவது, வளர்ச்சிக் கருத்தரங்கு, துறைவாரியாகப் பணிக்குழு, கடைசியில் மாவட்டத் திட்டக் குழுவின் ஒப்புதல். இதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்திலேயே உண்டு. நான் குறித்துக்கொண்டது அதற்கும் முந்தைய ஒரு கதை. 1990களின் தொடக்கத்தில் கண்ணூர் மாவட்டம் கல்லியாசேரியில், உள்ளூர்த் தன்னார்வலர்கள் கிராம நில வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு துண்டு துண்டாக நடந்து, மண், தண்ணீர், பயிர், சொத்து என்று ஊரின் வளங்களை வரைபடத்தில் ஏற்றினார்கள். முதலில் நடை, அப்புறம் படம், அதற்கப்புறம்தான் திட்டம்.

நாங்கள் செய்வது நேர்த் தலைகீழ். முழுமைத் திட்டம் என்றால் முதலில் செயற்கைக்கோள் படம். அதன்மேல் நிறம்: குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், தொழிற்சாலைக்கு ஊதா, பொது உபயோகத்துக்குச் சிவப்பு, விவசாயத்துக்குப் பச்சை. எல்லாம் பூசி முடித்த பிறகு ஊரைக் கூப்பிடுகிறோம். 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி வரைவை வெளியிட்டு, ஆட்சேபணை சொல்ல இரண்டு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் கொடுக்க வேண்டும். கொடுக்கிறோம். செய்தித்தாளின் உள்பக்கத்தில் அறிவிப்பு, இணையத்தில் ஒரு பெரிய பிடிஎஃப். அதைச் செல்பேசியில் திறந்து, பெரிதாக்கி, தன் சர்வே எண்ணைத் தேடிக் கண்டுபிடிப்பவர் மனை வியாபாரிதான். கீரை போடுகிறவர் இல்லை.

கோவைக்கு 1994ல் வந்த திட்டம். அதை வைத்துக்கொண்டே முப்பது வருடம் வண்டியை ஓட்டினோம், புது வரைவு வெளியானது 2024ல். இடைப்பட்ட காலத்தில் சரவணம்பட்டியும் காளப்பட்டியும் என்ன ஆயின என்று கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலந்துரையாடலில் இதைச் சொன்னபோது, ஓய்வு பெற்ற ஊராட்சித் தலைவி ஒருவர் (திருச்சூர் பக்கம்) மலையாளத்தில் கேட்டார்: "உங்க கிராமசபையில மேப் வைப்பீங்களா?" கிராமசபைக்கு நம்மிடம் குறித்த நாட்கள் உண்டு: குடியரசு தினம், தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் முதல் தேதி. வரவுசெலவு படிப்போம், தீர்மானம் போடுவோம். மேப் வைத்து நான் பார்த்ததில்லை. லேஅவுட்காரர் பூங்காவுக்கென்று 10 விழுக்காடு இடத்தைத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கிறாரே, அது எங்கே இருக்க வேண்டும் என்றாவது கேட்கலாம். பெரும்பாலும் அது பள்ளத்தில், கரண்ட் கம்பிக்கு அடியில், அல்லது மூலையில் முக்கோணமாக வந்து நிற்கும்.

சாயங்காலம் மரைன் டிரைவில் நடை. கால் வைத்த இடமெல்லாம் காயலை நிரப்பி உண்டாக்கிய நிலம். எதிரே வில்லிங்டன் தீவு. 1920, 30களில் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ துறைமுகத்துக்கு ஆழம் தோண்டியபோது வந்த மண்ணால் ஆனது. வலப்பக்கம் கோஸ்ரீ பாலங்கள். வைப்பின் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகை நம்பி இருந்தவர்கள், பாலம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள். பணம் எங்கே என்ற கேள்விக்கு 1990களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தனியாக ஒரு வளர்ச்சிக் குழுமம் அமைத்து, காயலில் கொஞ்சத்தை நிரப்பி, அந்த நிலத்தை விற்று அந்தப் பணத்தில் பாலம். 2004ல் திறந்தார்கள். இன்றைக்கு 'நில மதிப்பு மீட்பு' என்று வகுப்பில் சொல்லித் தருகிறோமே, அதற்குச் சரியான உதாரணம். ஆனால் பாலம் வந்த பிறகும் பல வருடங்கள் வைப்பின் தனியார் பேருந்துகளை நகருக்குள் விடவில்லை. ஹைகோர்ட் ஜங்ஷனில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். கோடிக்கணக்கில் செலவழித்துத் தண்ணீரைத் தாண்ட வைத்துவிட்டு, ஒரு பெர்மிட்டில் நிறுத்திவிட்டார்கள்.

வெள்ளி

கள ஆய்வு நாள். பேருந்து குண்டன்னூர் வழியாகச் சுற்றிப் போனது, மரடைக் காட்டுவதற்காகத்தான்.

அந்த வீடியோவைப் பார்க்காதவர் இருக்க முடியாது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்பு வளாகங்கள், ஐந்து கோபுரங்கள், ஒவ்வொன்றும் சில நொடிகளில் உட்கார்ந்தன. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை மீறிக் கட்டியவை என்று 2019 மே 8 அன்று உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. கட்ட அனுமதி கொடுத்தது 2006ல், மரடு ஊராட்சியாக இருந்தபோது. அந்தப் பகுதி அப்போதைய விதிப்படி மூன்றாம் வகை, கரையோரத்தில் புதுக் கட்டடம் கூடாது. வாங்கியவர்கள் பத்திரம் பார்த்தார்கள், ஊராட்சியின் அனுமதியைப் பார்த்தார்கள், வங்கிக் கடனும் கிடைத்தது. கடலோர வரைபடத்தை யார் பார்ப்பார்கள்? வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால இழப்பீடாக ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவானது. பேருந்தில் இருந்த எல்லோரும் செல்பேசியைத் தூக்கினார்கள். சார் தூக்கவில்லை. "நம்ம ஊர்ல கையெழுத்துப் போட்ட எத்தனை பேருக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கம் போச்சோ" என்றார்.

தோப்பும்படி தாண்டி, தெற்கே செல்லானம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காயல், நடுவில் ஒல்லியாக ஒரு ஊர். வருடா வருடம் கடல் வீட்டுக்குள் வரும்; வெளியே போகும்போது மணலைச் சமையலறையில் விட்டுப் போகும். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 344 கோடி ரூபாயில் டெட்ராபாட் கடல்சுவர் கட்டினார்கள். டெட்ராபாட் என்பது நாலு கால் முளைத்த கான்கிரீட் உருவம், ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடை. ஒன்றின் காலுக்குள் இன்னொன்றின் கால் மாட்டிக்கொள்ளும்படி அடுக்கியிருக்கிறார்கள். அலை வந்து மோதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கருங்கல் சுவரில் மோதினால் தண்ணீர் அப்படியே எழும்பித் தெருவில் விழும். இங்கே இடுக்குகளுக்குள் புகுந்து, பத்துத் திசையில் சிதறி, வெறும் நுரையாக இறங்கிப் போகிறது. சுவரின் மேலே நடைபாதை போட்டிருப்பதால் மாலையில் ஐஸ்கிரீம் வண்டி வரை வந்துவிட்டது.

முதல் கட்டம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து புத்தன்தோடு வரை, ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். சுவர் முடிகிற இடத்தில் எங்களை இறக்கிவிட்டது நல்ல யோசனை. இந்தப் பக்கம் பெயின்ட் அடித்த வீடுகள். அந்தப் பக்கம், கண்ணமாலியை நோக்கி, பிய்ந்துபோன பழைய கல்சுவர், மணல் மூட்டைகள், கதவில்லாத வீடு ஒன்று. வடக்கே இருப்பவர்கள், சுவர் இங்கே நின்றுவிட்டதால் எங்களுக்கு அடி இன்னும் கூடிவிட்டது என்கிறார்கள். சொல்லிக்கொண்டிருந்த அக்கா மீன் கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை. அவர் கேட்டது டெட்ராபாட் மட்டுமில்லை. கொச்சித் துறைமுகக் கால்வாயில் தூர்வாரும் மணலை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள், அதை எங்கள் கரையில் போட்டால் என்ன என்று கேட்டார். எங்களோடு வந்த கடலோரப் பொறியாளர் தலையாட்டினார். ஆய்வுலகம் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதைத்தான். கரைக்கு மணல் வரும் வழியை வெட்டிவிட்டுக் கரைக்குச் சுவர் கட்டுவது ஓயாத செலவு. அந்த அக்காவை மேடையில் ஏற்றியிருக்கலாம். சணல் பையாவது கொடுத்திருக்கலாம்.

சனி

மாநாடு மதியத்தோடு முடிந்தது. தீர்மானங்கள் வாசித்தார்கள், 'பங்கேற்பு' என்ற சொல் ஒவ்வொரு வரியிலும் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் சாரும் நானும் நழுவிவிட்டோம்.

ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ. 2023 ஏப்ரலில் தொடங்கியது; முழுத் திட்டம் 10 தீவுகள், 38 துறைகள், 78 படகுகள். மின்கலத்தில் ஓடும் படகு, கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்தது. எனக்குப் பிடித்தது துறையின் மிதவை மேடை. ஓதம் ஏறினால் மேடையும் ஏறுகிறது, வற்றினால் இறங்குகிறது, படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டம். சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவர் யார் கையையும் பிடிக்காமல் உள்ளே வந்துவிட்டார். குறை ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்திலேயே ஓடும் அரசின் பழைய படகில் சில ரூபாய் கட்டணம், இதில் குறைந்தபட்சமே 20. சனிக்கிழமை மதியம் இந்தக் குளிர்படகில் இருந்தவர்கள் பெரும்பாலும் எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள். வேலைக்குப் போகிறவர்கள் பழைய படகில் நின்றுகொண்டு போனார்கள்.

சீன வலைகளை விட்டுவிட்டு நேரே வேளியில் இருக்கும் தோபி கானாவுக்கு, அதாவது சலவைக் கூடத்துக்குப் போனோம். சாரின் யோசனை. கதவைத் தாண்டியதும் தமிழ் கேட்டது. டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் உடுப்புகளை வெளுக்கத் தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்துவந்தவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். ஒருகாலத்தில் ஃபோர்ட் கொச்சியின் குளங்களிலும் திடல்களிலும் சிதறித் துவைத்தவர்களுக்கு, 1976ல் விசால கொச்சி வளர்ச்சிக் குழுமம் இந்த ஒரே வளாகத்தைக் கட்டிக் கொடுத்தது. அவர்களுடைய வண்ணார் சங்கம் நடத்துகிறது.

ஆளுக்கொரு தடுப்பு, அதில் தொட்டியும் துவைகல்லும். பின்னால் பெரிய வெட்டவெளி முழுக்கக் கொடிகள். ஒரு கொடியிலும் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள்; முறுக்கை விரலால் லேசாகப் பிரித்து வேட்டியின் முனையைச் செருகிவிட்டால், காற்று இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. ஒரு பெரியவர் விடாமல் செருகிக்கொண்டே போனார், கண் எங்கள் மேல், விரல் தானாக வேலை செய்தது. அந்தப் பக்கம் கஞ்சி போட்ட துணிகள் தேய்க்கும் கூடம், கரிப்பெட்டியின் வாசனை.

"எந்த ஊரும்மா?"

"கோயமுத்தூருங்க. சார் மதுரை."

"அப்ப நம்மாளுங்கதான்" என்றார், தமிழும் மலையாளமும் கலந்த ஒரு ராகத்தில். என்ன வேலை என்று கேட்டார். எந்த இடத்தில் என்ன வரலாம் என்று வரைபடம் போடுகிற வேலை என்றேன். "அப்ப இந்த எடத்துக்கு உங்க படத்துல என்னன்னு போடுவீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. மஞ்சள் போட முடியாது, யாரும் குடியிருக்கவில்லை. காசுக்கு வேலை, ஆனால் கடை இல்லை, நீலம் பொருந்தாது. தண்ணீரும் சாயமும் கழிவும் உண்டு என்று ஊதா போட்டால், அடுத்த வாரமே ஒரு அதிகாரி குடியிருப்புக்கு நடுவே தொழிற்சாலையா என்று நோட்டீஸ் ஒட்டுவார். வெட்டவெளி பாதி இருக்கிறதே என்று திறந்தவெளிக் கணக்கில் சேர்த்தால் கொடிகள் போய்ப் பூச்செடி வந்துவிடும். பெரியவர் காத்திருக்கவில்லை, அடுத்த வேட்டிக்குப் போய்விட்டார். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், பாதித் தடுப்புகள் சும்மா கிடக்கின்றன என்று மட்டும் சொன்னார்.

ஞாயிறு

திரும்பும் ரயிலில் வாக்குவாதம். ஆலுவாவில் தொடங்கியது.

சார் கட்சி: சிவப்பு. பொது, அரைப்பொது உபயோகம். இடம் குழுமம் கட்டியது, சங்கம் நடத்துகிறது, ஊர் முழுக்கப் பயன்படுகிறது. இதைவிடப் பொது உபயோகம் எது?

நான் ஒத்துக்கொள்ளவில்லை. சிவப்புப் போட்ட இடத்தில் விதிப்படி பள்ளிக்கூடம் வரலாம், சமுதாயக் கூடம் வரலாம், மருத்துவமனை வரலாம். தடுப்புகள் காலியாகிக்கொண்டே போனால், இருபது வருடம் கழித்து நல்லெண்ணத்தோடு ஒருவர் வந்து, நிறம் மாற்றாமலேயே கல்யாண மண்டபம் கட்டிவிட்டுப் போவார். கேட்டால் 'நிலப் பயன்பாடு மாறவில்லை' என்பார், சட்டப்படி அது சரியாகவும் இருக்கும்.

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றீங்க?"

நிறத்தோடு நிறுத்தாமல், ஒழுங்குமுறை விதிகளில் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்றேன்: இந்த சர்வே எண்ணில் துணி வெளுப்பது அனுமதிக்கப்பட்ட பயன்பாடு, மாற்ற வேண்டுமென்றால் அங்கே தொழில் செய்பவர்களின் கூட்டத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். நெல்வயலுக்கு மூன்று விவசாயிகளைக் குழுவில் உட்கார வைக்க முடிந்தால் இதற்கும் முடியும்தானே. சார் சிரித்தார். இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் எழுத ஆரம்பித்தால் உங்கள் முழுமைத் திட்டம் முடிய இன்னொரு முப்பது வருடம் ஆகும் என்றார். ஒவ்வொரு துண்டுக்கும் வேண்டாம், பிழைப்பு நடக்கிற துண்டுக்கு மட்டும் என்றேன். கோவை உக்கடத்தில், மதுரை வைகைக் கரையில், ஈரோட்டுச் சாயப்பட்டறைத் தெருக்களில் அப்படிப்பட்ட துண்டுகள் எத்தனை என்று அவர் விரல் விட ஆரம்பித்தார்.

2022ல் வந்த விதிகளின்படி நம் நகரங்களிலும் வார்டு குழு, பகுதி சபை என்று இருக்கின்றன. எங்கள் பகுதி சபை அடுத்து எப்போது கூடினாலும், வார்டின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை ஃப்ளெக்ஸில் பெரிதாக அடித்து, சர்வே எண்ணோடு தெருப் பெயரையும் போட்டுச் சுவரில் மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். கவுன்சிலரிடம் ரயிலிலிருந்தே பேசிவிட்டேன். செலவு யாருடையது என்று கேட்டார். ஃப்ளெக்ஸ் என் செலவு என்றேன். சரி என்றார், ஆனால் தன் படமும் மூலையில் வர வேண்டுமாம்.